அரை வைத்தியனும் முழு வைத்தியனும்

ஆயிரம் வேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பது முன்னோர் வாக்கு. நாளடைவில் 'வேர்' என்பது 'பேர்' எனத் திரிந்து, வைத்தியரை எள்ளி நகையாடும் பழமொழியாக அது மாறிவிட்டது. உண்மையில் அப்பழமொழி கூறுவது வேறு. ஆயிரம் மூலிகைகளின் வேரை அகழ்ந்து ஆராய்ந்தவனுக்கும் வைத்தியத்திற் பாதிதான் கைவந்திருக்கும் என்பதே அதன் பொருள். மற்றைப் பாதியை நோயாளியின் பக்கத்திலிருந்து கற்க வேண்டும் என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம். வைத்தியராகப் பதிவு பெறுவதற்கான பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் இளைஞர்களையும் யுவதிகளையும், அவர்களின் பெற்றோரையும் கருதி இவ்வாரம் எழுதப் புகுந்த நமக்கு, இப்பழமொழியே தக்க தொடக்கமாகத் தோன்றுகிறது.

ஒருவர் அரை வைத்தியரா, முழு வைத்தியரா என்பதை நோயாளி எவ்வாறு அறிவார்? துணி வாங்குபவர் துணியைத் தடவிப் பார்க்கலாம். மீன் வாங்குபவர் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். நெஞ்சு வலியோடு வந்தவர் வைத்தியரைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவருக்காக வேறொருவர் முன்கூட்டியே சோதித்து வைத்திருக்க வேண்டும். பிரித்தானியாவில் 1858-ஆம் ஆண்டின் சட்டம் ஒரு பொது மருத்துவ சபையை ஏற்படுத்தித் தகுதி பெற்ற வைத்தியர்களுக்கென ஒரு பதிவேட்டைத் திறந்தது இதற்காகவே. நம் நாட்டில் 1870-இல் கொழும்பிலே மருத்துவப் பள்ளி தொடங்கிற்று. பின்னர் 1927-ஆம் ஆண்டின் 26-ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் வந்தது. இன்று இலங்கை மருத்துவ சபை பேணிவரும் பதிவேட்டில் பெயர் இடம்பெறாத ஒருவர் மேலைத்தேய வைத்தியத் தொழிலை நடத்தச் சட்டம் இடந்தராது.

அப்பதிவேட்டை அடைய இரண்டு வழிகள் உள்ளன. இந்நாட்டு மருத்துவ பீடமொன்றிற் பயின்று இறுதிப் பரீட்சையில் சித்தியடைவது ஒன்று. பிறநாட்டுப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றுத் திரும்பி, மருத்துவ சபை நடத்தும் பதிவுப் பரீட்சையில் சித்தியடைவது மற்றொன்று. முன்னாளில் 'அக்ட் 16' என்று பேச்சு வழக்கிற் குறிக்கப்பட்ட பரீட்சையின் இடத்திலே இன்று இருப்பது இதுவே. எவ்வழியில் வந்தவராயினும் அதன்பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி பெற வேண்டும். பொது மருத்துவம் அல்லது குழந்தை மருத்துவத்தில் ஆறு மாதமும், சத்திர சிகிச்சை அல்லது மகப்பேற்றுத் துறையில் ஆறு மாதமும் மூத்த வைத்தியர்களின் கண்காணிப்பிற் கழியும். அதன் பின்னரே முழுப் பதிவு கிடைக்கும்.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் இவ்விருவழியினரையும் காணலாம். 1986-இல் வந்தாறுமூலையில் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கிழக்குப் பல்கலைக்கழகம், 2005-இல் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடத்தை நிறுவியது. வைத்தியப் படிப்புக்காகக் கொழும்புக்கோ பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போக வேண்டியிருந்த இப்பகுதி மாணவர் இன்று தம் ஊரிலேயே அதனைக் கற்கலாம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையே அவர்களுக்குப் பயிற்சிக் களம். எனினும் இடங்கள் சிலவே, விரும்புவோர் பலர். உயர்தரப் பரீட்சையில் மயிரிழையில் வாய்ப்பை இழந்த பிள்ளைகளைச் சில பெற்றோர் உருசியா, சீனம், வங்காளதேசம், நேபாளம் முதலிய நாடுகளுக்கு அனுப்புகின்றனர். வயலை ஈடுவைத்தவர் உண்டு. தாலிக்கொடியைத் தவிர மற்றெல்லா நகையையும் விற்றவரும் உண்டு. ஐந்தாறு ஆண்டுகள் கழித்துப் பிள்ளை பட்டத்தோடு வந்து இறங்கும்போது ஊரார் 'டொக்டர் வந்துவிட்டார்' என்கிறார்கள். சட்டம் இன்னும் அவ்வாறு சொல்லவில்லை. அந்த இடைவெளியில் நிற்கும் பிள்ளையின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இப்பரீட்சையை ஒரு மதிலாக எண்ணி அஞ்சுவோரே அதிகம். எப்படியேனும் ஏறிக் குதித்துவிட வேண்டும் என்று பழைய வினாக்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, விடைகளை உருப்போட்டு மாய்கின்றனர். பழைய வினாக்களைப் பார்ப்பது தவறன்று. அவற்றோடு நின்றுவிடுவதுதான் தவறு. இப்பரீட்சை எத்தனை தாள்களாகப் பிரிந்திருந்தாலும் அதன் உள்ளே இருக்கும் கேள்வி ஒன்றே. 'மூத்த வைத்தியர் அருகில் இல்லாத ஓர் இரவில், ஒரு சிறிய வைத்தியசாலையில், இவரை நம்பி ஒரு நோயாளியை ஒப்படைக்கலாமா?' என்பதே அது. இக்கேள்வியை மனத்தில் இருத்திப் படிப்பவருக்குப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கமும் வேறாகத் தெரியும். இதற்கு நம் பகுதி நோயாளிகளைக் கொண்டே மூன்று உதாரணங்கள் கூறுவோம்.

முதலாவது, டெங்குக் காய்ச்சல். பிள்ளைக்கு மூன்று நாளாகக் கடுங்காய்ச்சல். நான்காம் நாள் உடல் குளிர்ந்துவிட்டது. தாய் மகிழ்கிறாள், வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறாள். நல்ல வைத்தியர் அந்த நேரத்திலேதான் விழிப்படைகிறார். டெங்கில் காய்ச்சல் தணியும் வேளையிலே இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கலாம். அதையடுத்து வரும் 24 முதல் 48 மணி நேரமே ஆபத்தான காலம். நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், கழியும் சிறுநீரின் அளவு ஆகியவற்றை மணிக்கு மணி கவனித்து, கொடுக்கும் நீரைக் கூட்டாமலும் குறைக்காமலும் அளக்க வேண்டும். இரத்தத் தட்டுக்களின் எண்ணிக்கையை மட்டும் மனனம் செய்தவர் அத்தாய்க்கு என்ன விடை சொல்வார்?

இரண்டாவது, பாம்புக்கடி. வயல் வாடியிலே தரையிற் படுத்துக் காவலிருந்தவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று வருகிறார். கடித்த தடம் தெரியவில்லை, வீக்கமில்லை. அவருக்கே தம்மைப் பாம்பு கடித்தது தெரியாது. கட்டுவிரியன் பெரும்பாலும் உறங்குபவரை இரவில் தீண்டும். கடித்த இடத்தில் வலியும் மிகக் குறைவு. சில மணி நேரத்தில் கண்ணிமை தாழும். விழுங்க முடியாது போகும். பின்னர் மூச்சே நின்றுவிடலாம். 'இரவு எங்கே படுத்தீர்கள்?' என்ற ஒரு கேள்வி அவ்வுயிரைக் காக்கக்கூடும். இந்தியாவிலிருந்து தருவிக்கப்படும் விஷமுறிப்பு மருந்து நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை ஆகிய நான்கின் விஷத்தையும் எதிர்க்க வல்லது. எனினும் மூச்சுத் தளர்ந்தால் மருந்தை மட்டும் நம்பியிராது, செயற்கைச் சுவாசத்திற்கும் ஆயத்தமாயிருக்க வேண்டும்.

மூன்றாவது, பலர் பெயர்கூடக் கேட்டறியாத மெலியோயிடோசிஸ். இதன் கிருமி வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. மாரி மழைக்குப்பின் வெறுங்காலோடு சேற்றில் இறங்கும் உழவரை, அதிலும் நீரிழிவு உள்ளவரை, அது எளிதிற் பற்றுகிறது. சுவாசப்பையில் அழற்சியாகத் தோன்றும். ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டிகளாகத் தோன்றும். சயரோகம் என்று மயங்கவும் வைக்கும். பொதுவாகக் கொடுக்கும் நுண்ணுயிர்க்கொல்லிகள் பல இதனிடம் பலிப்பதில்லை. தகுந்த மருந்தை முதலில் நாளத்தின் வழியாகவும், பின்னர் மாதக்கணக்கில் வாயின் வழியாகவும் கொடுக்க வேண்டும். மட்டக்களப்பிலும் இந்நோய் கண்டறியப்பட்டுள்ளது. குளிர்நாடொன்றிற் பயின்று வந்தவர் இத்தகைய நோயாளி ஒருவரையேனும் முன்பு கண்டிருக்க மாட்டார். ஆதலால், திரும்பி வந்த பட்டதாரி வீட்டு அறையைப் பூட்டிக்கொண்டு படிப்பதிலும், அனுமதி பெற்று நோயாளர் விடுதியில் மூத்த வைத்தியரின் பின்னே நடப்பது பெரும்பயன் தரும்.

அடுத்ததாக, மொழியைப் பற்றிச் சில வார்த்தைகள். நம் மருத்துவ பீடங்களில் பாடம் ஆங்கிலத்தில். பதிவுப் பரீட்சையும் ஆங்கிலத்தில். நோயாளியின் நோவோ தாய்மொழியிலே வெளிப்படுவது. நம் நாட்டுத் தமிழில் 'வருத்தம்' என்றால் நோய். தமிழ்நாட்டில் அது மனத்துயரம். வாந்தியைச் 'சத்தி' என்போம். இடுப்பின் பின்புறத்தை 'நாரி' என்போம். சளியை 'தடிமன்' என்போம். நீரிழிவு 'சீனி வருத்தம்' ஆகும். மட்டக்களப்பு முதியவர் ஒருவர், 'காய்ச்சல் வந்திச்சு, மறுகா சத்தி, மறுகா வயித்துக்குத்து' என்று சொல்லக்கூடும். அந்த 'மறுகா' ஒரு மணி நேரத்தைக் குறிக்கலாம். ஒரு வாரத்தையும் குறிக்கலாம். எது முன், எது பின், இடையில் எவ்வளவு நேரம் என்று பொறுமையோடு கேட்டறிந்தால் நோயின் பாதி விளங்கிவிடும். பிற மொழியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை இப்பேச்சை ஆங்கிலக் குறிப்பாக மாற்றவும், ஆங்கிலத்திற் கற்றதை ஒரு மீன்பிடித் தொழிலாளிக்கு விளங்கச் சொல்லவும் பழக வேண்டும். தமிழோடு சிங்களத்திலும் நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசக் கற்றுக்கொள்வது இந்நாட்டு வைத்தியருக்கு அணிகலனேயாகும்.

தமிழில் வைத்தியம் கற்பிக்க முடியுமோ என்று ஐயுறுவோர் ஒரு வரலாற்றை நினைவிற் கொள்ளலாம். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் அறுபதுக்கு மேற்பட்ட உள்ளூர் மாணவருக்கு மேலைத்தேய வைத்தியத்தைக் கற்பித்தார். 1860-களில் தமிழையே போதனா மொழியாகக் கொண்டார். சத்திர சிகிச்சை பற்றிய 'இரணவைத்தியம்' 1867-இலும், உடற்கூறு பற்றிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இலும் தமிழில் வெளிவந்தன. வாவிக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1936-இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானமும் பயின்று, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறியவர் அவர். இரு கரையையும் அறிந்த ஒருவரே பாலம் அமைக்க வல்லவர் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. இன்றைய மாணவர் பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதட்டும். நோயாளியின் கட்டிலருகே அவர் தமிழராகவே நிற்கட்டும்.

இனி, படிக்கும் முறை. புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதே படிப்பு என்று பலரும் நம்புகின்றனர். 2006-இல் அமெரிக்க உளவியலறிஞர் ரோடிகர், கார்பிக்கே இருவரும் ஒரு சோதனை நடத்தினர். ஒரு பகுதி மாணவர் ஒரு பாடத்தை நான்கு முறை வாசித்தனர். இன்னொரு பகுதியினர் ஒருமுறை வாசித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதினர். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, வாசித்தே வந்தவர் நினைவில் ஏறக்குறைய 40 விழுக்காடும், மூடிவைத்து எழுதியவர் நினைவில் 61 விழுக்காடும் எஞ்சியிருந்தன. நம் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஏட்டை மூடச் சொல்லி ஒப்பிக்கச் செய்தது வீணன்று என்பது இப்போது விளங்குகிறது. ஆகவே ஒரு மணி நேரம் படித்தால் அடுத்த அரைமணி நேரம் வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத இடமே நாளை படிக்க வேண்டிய இடம்.

செய்முறைப் பரீட்சைக்கோ வேறு வகையான பழக்கம் வேண்டும். ஸ்கொத்லாந்தின் டண்டீ நகரத்தில் ரொனால்ட் ஹார்டன் என்பவர் 1975-இல் அறிமுகஞ் செய்த முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. பல நிலையங்கள் அமைக்கப்பட்டிருக்கும். ஒன்றில் நெஞ்சொலி கேட்க வேண்டும்; ஒன்றில் கதிர்ப்படத்தைப் பார்க்க வேண்டும்; மற்றொன்றில் நோயின் செய்தியை உறவினருக்குப் பக்குவமாகச் சொல்ல வேண்டும். மணி அடித்தவுடன் அடுத்த நிலையத்திற்கு நகர்ந்துவிட வேண்டும். இதனைத் தனியே அறையிலிருந்து கற்க முடியாது. மூன்று நண்பர் கூடி, ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் வைத்தியராகவும் ஒருவர் கடிகாரத்தோடு பரீட்சகராகவும் மாறிமாறிப் பழகுவது நன்று. நோயாளியாக நடிப்பவர் தம் பாட்டியின் பேச்சிலேயே பேசட்டும். அதிலேதான் பயன் உண்டு. இரவிரவாக விழித்திருந்து தேநீரின் பலத்தாற் படிக்கும் வழக்கத்தையும் விட்டுவிடுதல் நலம். உறக்கமில்லாத மூளை கற்றதைப் பதித்து வைக்காது என்பதை வைத்தியம் கற்பவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

பெற்றோருக்கும் இரண்டொரு வார்த்தை. பிள்ளையை வெளிநாடு அனுப்ப எண்ணுவோர் முகவரின் வண்ணப் படங்களை நம்பிக் கையொப்பமிட வேண்டாம். அப்பல்கலைக்கழகம் இலங்கை மருத்துவ சபையால் ஏற்கப்பட்டதா, பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு சபை விதித்த தகுதிக்குப் போதுமானதா என்பவற்றைச் சபையிடமே முதலில் கேட்டறியுங்கள். எந்த மொழியிற் பாடம், பின்னைய ஆண்டுகளில் மாணவர் நோயாளரைத் தொட்டுப் பரிசோதிக்க இடமுண்டா என்பவற்றையும் கேளுங்கள். திரும்பி வந்தபின் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாதங்களுக்குமாகப் பணம் ஒதுக்கி வையுங்கள். பட்டம் பெற்ற அன்றே வருமானம் வரும் என்று கணக்கிட்ட குடும்பம், பிள்ளையின் நெஞ்சில் ஒரு பாறாங்கல்லை ஏற்றிவிடுகிறது.

முதன்முறை சித்தியடையாத பிள்ளையை என்ன செய்வது? கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் 'பரீட்சை என்னாயிற்று?' என்று கேட்போருக்குக் குறைவில்லை. அக்கேள்விக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியே வராத பிள்ளைகள் உண்டு. பெற்றோரே அவர்களுக்கு அரணாக நிற்க வேண்டும். பதிவுப் பரீட்சை ஓட்டப்பந்தயமன்று. முதலாவதாக வந்தவருக்கு மட்டும் பரிசு கொடுக்கும் போட்டியுமன்று. இன்ன அளவு ஆற்றல் உண்டா இல்லையா என்று பார்க்கும் அளவுகோல் அது. அமெரிக்க நாட்டில் மருத்துவப் பதிவுப் பரீட்சையின் முதற்படிக்குப் புள்ளி வழங்குவதை 2022 தொடக்கம் நிறுத்தி, சித்தி, சித்தியின்மை என்ற இரண்டை மாத்திரமே அறிவிக்கின்றனர். இரண்டாம் முறையிற் சித்தியடைந்தவரும் பதிவேட்டில் அதே வரிசையில் எழுதப்படுவர். அவரிடம் வரும் நோயாளி எத்தனையாம் முறை என்று கேட்பதில்லை. ஆனால் முதன்முறையில் எங்கே தவறினோம் என்பதை ஆராயாமல் அதே வழியில் மறுபடியும் படிப்பவருக்கு நாம் இரங்கவே முடியும். எழுத்துத் தாளில் குறைவா, கட்டிலருகே தடுமாற்றமா, ஆங்கிலத்தில் தளர்ச்சியா என்று ஒரு மூத்த வைத்தியரிடம் வாய்திறந்து கேட்டு, அந்தக் குறையை மட்டும் சீர்செய்ய வேண்டும். குறுக்கு வழி காட்டுவதாகப் பணம் கேட்போரை வாசற்படியிலேயே திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

பரீட்சை கடினமாயிருக்கிறது, அதனை இலகுவாக்க வேண்டும் என்று கேட்போரும் உளர். பரீட்சை ஒழுங்காகவும் நேர்மையாகவும் காலந்தவறாமலும் நடக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். அளவுகோலையே குறைக்கச் சொல்வது நியாயமன்று. ஏனெனில், நகரத்துப் பணக்காரர் ஒரு வைத்தியரிடம் ஐயுற்றால் இன்னொருவரிடம் போவார். படுவான்கரைக் கிராமத்தவருக்கு அந்த வசதி இல்லை. மண்முனைத் துறையில் 2014-இல் பாலம் திறக்கப்படும்வரை, அங்குள்ள நோயாளிகள் 'பாதை' எனப்படும் மிதவையில் ஏறியே வாவியைக் கடந்தனர். இன்று பாலம் இருக்கிறது. ஆயினும் நள்ளிரவில் பிரசவ வேதனையோடோ பாம்புக்கடியோடோ வரும் ஒருவருக்கு, கடமையில் இருக்கும் அந்த ஒரே வைத்தியர்தான் உலகத்து வைத்தியர் எல்லாரும். அவர் அரை வைத்தியராயிருந்தால் அந்நோயாளிக்கு வேறு கதியில்லை.

இன்று மட்டக்களப்பிலும் களுவாஞ்சிக்குடியிலும் காத்தான்குடியிலும் வாழைச்சேனையிலும் விளக்கொளியிற் குனிந்திருக்கும் மாணவ மாணவியர், தாம் படிப்பது அந்த முகந்தெரியாத நோயாளிக்காகவே என்பதை மறவாதிருப்பாராக. அவர்கள் நற்சித்தி பெற்று, முழு வைத்தியராய்த் தம் ஊருக்கே தொண்டு செய்ய வேண்டுமென வாழ்த்துகின்றோம்.